இரண்டு மணியோசைக்கு நடுவே

காலையில் கண் விழித்ததும் வீட்டுக்குள் பழ வாசனை. பேயன் பழம். எங்கள் வீட்டுக் கொல்லையில் வாழை கிடையாது, நேற்று யாரும் சந்தைக்கும் போகவில்லை. அப்படியானால் இதைக் கொண்டுவந்தது யார், எதற்காகக் கொண்டுவந்தார் என்று படுத்தபடியே யோசித்தேன். அடுக்களையிலிருந்து என் சம்சாரம், "வாழைத்தோட்டத்து அண்ணாச்சி குடுத்துட்டுப் போனாவ. உங்க உறுதிய மெச்சிக் குடுத்தாவளாம்" என்றாள். பழத்தையாவது மன்னித்துவிடலாம். கூட வந்த சொல்லை மன்னிக்க முடியவில்லை. அந்த மனிதர் ஒரு நல்ல சொல்லைக் கொண்டுவந்தால் பதிலுக்கு எதைக் கொண்டுபோவார் என்று உமக்கும் எனக்கும் தெரியாதா, வாத்தியார்வாள்?

அதனால்தான் உமக்கு எழுத உட்கார்ந்தேன். நீர் போய் இரண்டு கார் அறுவடை முடிந்துவிட்டது. "போனவருக்கு எழுதி எந்தத் தபால்ல போடப் போறிய?" என்று என் சம்சாரம் கேட்கிறாள். தபாலில் போட்டால் நடுவில் யாராவது பிரித்துப் படிப்பார்கள். அதற்கு இது பெட்டிக்குள் கிடப்பதே மேல். அப்படியும் யாராவது எடுத்துப் படித்து நம் இருவரையும் பைத்தியக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆகையால் உமக்குத் தெரிந்த மடைச் சங்கதியையே முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தாமிரபரணியிலிருந்து பிரிகிற கால்வாய், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே கிளைகிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒடுங்கிய வாய்க்காலாக நம் ஊர்க் கோடியில் ஒரு கல்லில் வந்து முட்டும். அந்தக் கல்லில் இரண்டு மடை. வலது மடை என் வயலுக்கு, இடது மடை உம் வயலுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. இரண்டையும் அடைத்துவிட்டால் தண்ணீர் கல்லுக்கு மேலே வழிந்து, வடிகாலில் இறங்கி, கீழே உள்ள வாழைத்தோட்டத்துக்குப் போய்விடும். இரவுத் தண்ணீர் மேலூர்க்காரர்களுக்கு. பகல் தண்ணீரில் விடிந்ததிலிருந்து உச்சி வரை என் முறை, உச்சியிலிருந்து பொழுது சாயும் வரை உம் முறை. நம் தகப்பன்மார் காலத்திலிருந்தே இதுதான் ஏற்பாடு.

உச்சி என்பது எது என்பதில்தான் வம்பு. சிவன் கோவிலில் உச்சிக்கால மணி அடித்தால் உச்சி என்பது எங்கள் வீட்டு வழக்கம். கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தால் உச்சி என்பது உங்கள் வீட்டு வழக்கம். பழைய நாளில் இரண்டு மணிக்கும் நடுவில் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம்தான் இருந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு சர்க்கார், தேசம் முழுக்க ஒரே நேரம் என்று சொல்லிக் கடிகாரங்களை முன்னால் தள்ளி வைத்தது. அன்றிலிருந்து உங்கள் மணி முந்திக்கொண்டது. எங்கள் பட்டருக்கோ வயதாகி, முழங்கால் வலி கண்டு, பூஜை பிந்திக்கொண்டே போயிற்று. நடுவில் பாதி வயல் நனைகிற அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது.

சர்க்கார் உங்கள் ஆட்களுக்காகத்தான் கடிகாரத்தில் கைவைத்தது என்று நான் சந்தேகப்பட்டேன். பட்டருடைய முழங்காலுக்குப் பின்னால் நான் இருக்கிறேன் என்று நீர் சந்தேகப்பட்டீர். உம் சந்தேகம் சுத்த அபாண்டம். என் சந்தேகம் இன்னும் எனக்கு முழுக்கத் தீரவில்லை.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் வயதாகிவிட்டது என்று உம்மை அனுப்பிய வருஷம், அதுவரை வயலை இன்னொருவரிடம் வாரத்துக்கு விட்டிருந்த நீர், நேரே மடைக்கு வந்து நின்றீர். கறுப்புச் சீமைக்குடை, மடித்துக் கக்கத்தில் இடுக்கிய பத்தமடைப் பாய்த்துண்டு, துவைத்த வேட்டி. மடைக்கு வருகிற ஆள் பாய் கொண்டுவந்தால் அவர் சீக்கிரம் எழுந்து போகிற எண்ணத்தில் வரவில்லை என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

வேதக்கோயில் மணி அடித்தது. நீர் குனிந்து என் மடையில் பலகையை இறக்கினீர்.

"பிள்ளைவாள், மணி அடிச்சாச்சு."

"எனக்குக் காது கேக்குதுவே. அது உம்ம மணி. நம்ம மணி இன்னும் அடிக்கல" என்றேன்.

"அப்ப நீரு உம்ம மணிக்கு இரும். நான் இருக்கேன்."

அடைத்த என் மடைக்கு மேலே பாயை விரித்து நீர் உட்கார்ந்தீர். திறக்காத உம் மடைக்கு மேலே நான் உட்கார்ந்தேன். நீர் எழுந்தால் என் பலகையை நான் எடுத்துவிடுவேன் என்று உமக்குப் பயம், நான் எழுந்தால் உம் பலகையை நீர் எடுத்துவிடுவீர் என்று எனக்குப் பயம். தண்ணீர் நம் இருவர் காலுக்கும் நடுவில் வழிந்து வடிகாலுக்குப் போனது. கோவில் மணி அடிக்கிற வரைக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

வீட்டில் வந்து நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். என் சம்சாரம் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் வீம்பு. அதுக்கு வேற பேரு வைக்காதிய" என்றாள்.

எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டு எதிரெதிரே உட்காருவது? ஒரு நாள் நீர்தான் முதலில் ஆரம்பித்தீர். "கைவிடுததுக்கு எதிர்ப்பதம் என்னவே, பிள்ளைவாள்? பள்ளிக்கூடத்துல பையமாருட்ட கேப்பேன். ஒருத்தனும் மனசுக்குப் பிடிச்சாப்புல சொன்னதில்ல."

நான் உடனே சொல்லிவிடுவேனா? பிடிவாதம் என்று சொன்னால், நீரே ஒத்துக்கொண்டீர் பாரும் என்று ஊரெல்லாம் சொல்லுவீர். வழக்கு கிழக்கு என்று முன்சீபு கோர்ட்டுக்குப் போனால் அங்கேயும் சொல்லுவீர். "எதுக்குக் கேக்கீரு?" என்றேன். "சும்மாதான்" என்றீர். "சும்மா கேக்குத ஆளா நீரு?" என்றேன். நீர் சிரித்தீர். எனக்கு அந்தச் சிரிப்பின்மேலும் சந்தேகம் வந்தது.

ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, வம்பில்லாத சொல்லாகப் பார்த்து மறுநாள் "உறுதி" என்றேன். நீர் மடைக்கல்லைத் தட்டிக் காட்டினீர். "இதுவுந்தான் உறுதியா இருக்கு. இதுக்குப் பிடிக்கவும் தெரியாது, விடவும் தெரியாது." முயற்சி என்றேன். "முயற்சின்னா எந்திரிச்சு நடக்கணும். நாம உக்காந்துல்லா இருக்கோம்." விடாப்பிடி என்றேன். "அது உடும்புக்குச் சொல்லுத சொல்லு." எனக்குக் கோபம் வந்து, என் வீட்டில் இதற்கு வீம்பு என்றுதான் பேர் என்று கொட்டிவிட்டேன். நீர் குடையைச் சாய்த்துவைத்தீர். "அவுக சொன்னதுதான் சரியா இருக்கும்போல" என்றீர். அன்றைக்குத்தான் உம்மைப் பற்றி எனக்கு ஒரு சிறு நல்லெண்ணம் வந்தது. அதையும் நான் முழுக்க நம்பிவிடவில்லை.

அப்புறம் சில வருஷம் கழித்து ஒரு கார் பருவத்தில் ஆறே மெலிந்துபோனது. பொதிகையில் மழை பொய்த்ததாகச் சொன்னார்கள். வாய்க்காலில் வந்த தண்ணீர் கணுக்காலுக்குக்கூட எட்டவில்லை. நெல் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நிற்கிற சமயம், அப்போது வேர் காய்ந்தால் கதிரெல்லாம் பதராகப் போகும். என் வயலில் நுனி மஞ்சளிக்கத் தொடங்கிவிட்டது. உம் வயல் அதைவிட மோசம். பள்ளிச் சம்பளமும் நின்றுபோன உமக்கு அந்த வயல் விளையாவிட்டால் வருஷச் சாப்பாடு இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. நீரும்தான் எழுந்திருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வாழைத்தோட்டத்து அண்ணாச்சி எனக்கு முதன்முதலாக ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்தார். "பிள்ளைவாள், உம்ம வைராக்கியம் இந்த ஊர்ல யாருக்கு வரும்? பெரிய பெரிய அடியார்களுக்கு இருந்த வைராக்கியம்லா அது" என்றார். வைராக்கியம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. போகிற போக்கில், "வாத்தியாரு மணி அடிக்கிறவருட்ட சொல்லி வச்சிருக்காருன்னு கேள்வி" என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் நினைத்ததையே அவர் சொன்னார். அதுதான் எனக்கு உறுத்தியது. நான் நினைப்பதை எனக்கு முன்னால் யார் சொன்னாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

மறுநாள் இரண்டு பழத்தைத் தின்றுவிட்டு மீதிச் சீப்பை மடைக்கு எடுத்துப்போனேன், உம் கண்ணில் படட்டும் என்றுதான். நீரும் ஒரு துணிமூட்டையை அவிழ்த்தீர். உள்ளே பேயன் பழம் ஒரு சீப்பு.

"யாரு குடுத்தா?" என்றேன்.

"உமக்கு யாரு குடுத்தாரோ அவருதான்" என்றீர்.

நான் இரண்டு சீப்பையும் வாங்கி அடிப்பக்கத்தை ஒன்றோடு ஒன்று சேர்த்துவைத்துப் பார்த்தேன். அரிவாள் வெட்டு அப்படியே பொருந்தியது. ஒரே தாரில் அடுத்தடுத்து இருந்த சீப்புகள். நீர் பாயிலிருந்து முன்னால் நகர்ந்து வந்து பார்த்தீர்.

"உமக்கு என்ன சொல்லு சொன்னாரு, பிள்ளைவாள்?"

"வைராக்கியம். உமக்கு?"

"நீடிய பொறுமை. வேதத்துல உள்ள சொல்லு. அவரு எங்க போயிப் படிச்சாரோ தெரியல. பட்டர நீரு கைக்குள்ள போட்டுருக்கீருன்னும் சொன்னாரு."

இருவரும் ஒன்றாகவே எழுந்தோம். ஒருவரை முந்தி ஒருவர் எழுந்திருக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். வடிகால் ஓரமாகவே நடந்து கீழே போனோம். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, வாழைத்தோட்டத்தில் மரத்துக்கு மரம் தண்ணீர் தேங்கி நின்றது. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சை. தார்கள் கனம் தாங்காமல் முட்டுக் கொடுத்து நின்றன. நம் இரண்டு மணிக்கும் நடுவே ஓடிய தண்ணீர் இத்தனை வருஷமாக எங்கே போயிற்று என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். நீர் ஒரு இலையைக் கையால் தடவிப் பார்த்தீர். "வீம்புன்னு சொன்னவுக நமக்கு ஒண்ணும் கொண்டாரல. நல்ல சொல்லுக்காரருதான் பழம் கொண்டாந்தாரு" என்றீர். பிறகு சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "சொல்லைப் பாக்காதேயும்வே. சொல்லுதவன் காலடியில ஈரம் இருக்கான்னு பாரும்."

திரும்பி வருகிற வழியில் நான்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கப்போகிறீர் என்று எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். நீர் கேட்கவில்லை.

"நான் விட்டுக்குடுக்கல. நீரும் விட்டுக்குடுக்காண்டாம். உம்ம மணி உம்ம மணியாவே இருக்கட்டும், எம் மணி எம் மணியாவே இருக்கட்டும். நடுவுல உள்ள நேரத்துக்கு ரெண்டு பலகையையும் எடுத்துருவோம். பாதி உமக்கு, பாதி எனக்கு."

"உம்ம மடை ஒரு விரல்கடை பள்ளமால்லா இருக்கு?" என்றேன்.

"அப்ப நீரே பக்கத்துல இருந்து பாத்துக்கிடும்."

ஒரு வைக்கோல் தாளை ஒடித்து இரண்டு மடையிலும் ஆழம் பார்த்தோம். உம் பக்கம் கொஞ்சம் களிமண் வைத்துச் சரிக்கட்டினோம். நான் வைத்த மண்ணை நீர் அழுத்திப் பார்த்தீர், நீர் அழுத்தியதை நான் மறுபடியும் பார்த்தேன். அந்த வருஷம் இரண்டு வயலும் தப்பின. முழு விளைச்சல் இல்லை, ஆனாலும் இரண்டு வீட்டிலும் பானை காயவில்லை. வாழைத்தோட்டத்து அண்ணாச்சி அந்தப் பருவம் முழுக்க நம் இருவரையும் கண்டால் வேறு தெருவில் திரும்பிப் போனார்.

தகராறு தீர்ந்த பிறகும் நீர் வருவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. பாதிப் பாதி சரியாகப் போகிறதா என்று யார் பார்ப்பது? உம் மணி அடித்ததும் உம் பலகையையும் எடுப்போம், என் மணி அடிக்கிற வரை உட்கார்ந்திருப்போம். என் வாழ்நாளில் நான் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்த இடைவெளியில்தான். அந்தப் பாழும் எதிர்ப்பதத்தை மட்டும் கடைசி வரை இருவருமாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஆடி மாதம். உமக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாளாக நீர் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் தனியாக உட்கார்ந்து பாதிப் பாதியாகத்தான் விட்டேன். சந்தேகம் இருந்தால் உம் வயலையே கேட்டுப் பாரும். மூன்றாம் நாள் வெயில் இன்னும் கிழக்கில் இருக்கும்போதே உங்கள் கோயில் மணி அடித்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று, படுத்த படுக்கையிலிருந்தே ஆள் அனுப்பி மணியை முந்தி அடிக்க வைத்துவிட்டார் என்று நினைத்தேன். உம் பலகையை இன்னும் அழுத்தி இறக்கிவிட்டு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வரட்டும், வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். மணி ஒன்று அடித்து, நின்று, வெகுநேரம் கழித்து இன்னொன்று அடித்தது. பன்னிரண்டு மணியை யாரும் அப்படி அடிப்பதில்லை என்று என் காதுக்குத் தெரிந்தது. புத்தி கேட்கவில்லை. குடை வருகிறதா என்று வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடை வரவில்லை. வயலுக்கு வந்தே அறியாத என் சம்சாரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தாள்.

"எந்திரிங்க. வாத்தியாரு போயிட்டாவ. மணி அவுகளுக்குத்தான் அடிக்குது."

"இன்னும் உச்சி ஆகல" என்றேன். அதைத்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து எழுப்பினாள். நான்தான் அன்றைக்கு முதலில் எழுந்தேன், வாத்தியார்வாள். நீர் எழுப்பியிருந்தால் எழுந்திருக்க மாட்டேன்.

உம் கல்லறையில் பேருக்குக் கீழே 'நீடிய பொறுமை' என்று வெட்டலாம் என்று உங்கள் வேதக்கோயில் ஐயர் சொன்னாராம். உம் சம்சாரம் என் வீட்டுக்கு ஆள் விட்டு என்னைக் கேட்டார்கள். அந்தச் சொல் ஒரு தடவை வாழைப்பழத்தோடு வந்தது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர்களுக்கு விளங்கிவிட்டது. கல்லில் உம் பேர் மட்டும்தான் இருக்கிறது. கீழே வெறும் இடம். உமக்கு ஏற்ற சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

இனி இன்றைய சங்கதி. பழத்தை நான் தொடவில்லை. மடைக்குப் போகிற வழியில் அண்ணாச்சியே எதிரில் வந்தார். இந்தக் காரிலும் ஆறு மெலிவுதான், அவர் வாழைக்குத் தாகம் வந்துவிட்டது.

"பிள்ளைவாள், அந்த வாத்தியாரு வீட்டு அம்மாவுக்கு மணியப் பத்தி என்ன தெரியும்? ஆம்பள இல்லாத வீடு. கோயில் மணிக்கே நில்லும். இத்தன வருஷ உறுதிய இப்பப் போயி விட்டுராதேயும்" என்றார்.

"அண்ணாச்சி, அதே தாருல அடுத்த சீப்பு யாரு வீட்டுக்குப் போயிருக்கு?" என்று கேட்டேன். அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நடந்துவிட்டார்.

மடையில் உம் சம்சாரம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். இரண்டு வருஷமாக அப்படித்தான். எட்ட, வரப்பில், உம் பாய்த்துண்டை விரித்து, உம் குடையைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்தபடி இருப்பார்கள். இன்றைக்குப் பக்கத்தில் ஒரு சீப்புப் பேயன் பழம் இருந்தது.

"அண்ணாச்சி குடுத்தாவ" என்றார்கள். "உங்கள நம்பாண்டாம்னும் சொன்னாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"நான் எப்ப நம்புனேன்னேன்."

உங்கள் மணி அடித்தது. நான் உம் பலகையையும் எடுத்தேன். அவர்கள் கிட்டே வந்து ஒரு வைக்கோல் தாளை ஒடித்து, முதலில் என் மடையில், பிறகு உம் மடையில் விட்டு ஆழம் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். வெயில் கொளுத்தியது. வீட்டுக்குப் போகலாமே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"பிள்ளைவாள் எந்திரிக்கிற வரைக்கும் நீ எந்திரிக்காதன்னு அவுக சொல்லிட்டுப் போயிருக்காவ" என்றார்கள்.

ஓய், சாகிற படுக்கையிலும் நீர் என்னை நம்பவில்லை. அதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஊரில் எல்லோரும் என்னை நல்லவர், பெரியவர் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். தினமும் வந்து எதிரே உட்கார்ந்து என்னைக் கண்காணிக்க வேண்டும் என்று நினைத்தவர் நீர் ஒருவர்தான். கோவில் மணி அடிக்கிற வரைக்கும் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். வடிகாலில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

நாளைக்கும் போவேன். முழங்கால் இப்போது பட்டரைப் போலவே எனக்கும் வலிக்கிறது, ஆனாலும் போவேன். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் மணிக்கு நான் பலகையை எடுப்பதை வைத்து, பிள்ளைவாள் கடைசியில் இறங்கிவந்துவிட்டார் என்று நீர் அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம். உம்முடைய மணி முந்தித்தான் அடிக்கிறது. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.